தெளிக்காமல் விட்ட தண்ணீர்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது மனைவி சுகந்தி தொலைபேசியில் அழைத்தாள். "அருளானந்தம் ஃபாதர் மோசம் போயிட்டாராம்." கையிலிருந்த முருங்கைக்காயைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்தேன். அவர் இல்லாமல் இனி யாரோடு சண்டை பிடிப்பேன் என்றுதான் முதலில் தோன்றியது.

இந்த அஞ்சலியை வாசிக்கும், அவரை அறிந்த உங்களுக்கு எங்கள் சண்டையும் தெரியும். அவர் அரசரைத் தலைவராகக் கொண்ட இங்கிலாந்துத் திருச்சபையின் குரு. நான் அதிலிருந்து எப்போதோ பிரிந்துபோனவர்களின் வழிவந்த பப்திஸ்து சபைக்காரன். விளங்காத குழந்தையின் பேரில் பெரியவர்கள் வாக்குக் கொடுத்து அதற்கு ஞானஸ்நானம் கொடுப்பது புத்திக்கு ஒவ்வாது என்பது என் கட்சி. "பிள்ளை விளங்கியோ பால் குடிக்குது?" என்பார். "பால் குடிக்கிறதுக்கு ஒருத்தரும் அதின்ர பேரில வாக்குக் குடுக்கிறேல்லை, ஃபாதர்" என்பேன். சனிக்கிழமைதோறும் இப்படியே தேநீர் ஆறிப்போகும். அவருடையதை 'ராசா வீட்டுச் சபை' என்று சீண்டினால், "உங்கட சபையில எல்லாரும் ராசா" என்று சிரிப்பார். அந்தச் சனிக்கிழமைகளுக்காக மனம் ஏங்குகிறது.

எங்கள் மகள் ரூத் மாதம் நிறையாமல் பிறந்தாள். மருத்துவர்கள் நம்பிக்கை தரவில்லை. ஃபாதரின் சபையில் வளர்ந்த சுகந்தி ஞானஸ்நானம் கொடுக்க அவரை அழைத்துவிட்டாள். சின்னக் கிண்ணத்தில் தண்ணீரோடு பிள்ளை கிடந்த கண்ணாடிப் பெட்டியருகே நின்று என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீர் என்ன சொல்லுறீர்?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "என்ர புத்தி ஏற்கேல்லை, ஃபாதர்."

அவ்வளவு காலம் வாதாடியவர் அன்று வாதாடவில்லை. "தகப்பன்ர மனச்சாட்சிக்கு மேலால தண்ணி ஊத்த என்னால ஏலாது" என்று கிண்ணத்தை ஜன்னலோரம் வைத்தார். அழுதுகொண்டிருந்த சுகந்தியின் பக்கத்தில் இருந்து செபித்தார். அவள் எங்கள் இருவரோடும் வெகுநாள் முகம்கொடுத்துப் பேசவில்லை.

ரூத் பிழைத்தாள். எங்கள் சண்டையும் திரும்பத் தொடங்கியது. அந்தக் கிண்ணத்தைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறப்பதில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அவரே தொடங்கினார். "அண்டைக்குப் பிள்ளை ஞானஸ்நானமில்லாமச் செத்திருந்தா ஆண்டவருக்கு என்ன மறுமொழி சொல்லியிருப்பன்? இண்டைக்கும் பயமாக் கிடக்கு."

"நான் பிழையெண்டு நினைச்சுக்கொண்டோ விட்டனீங்கள்?"

"ஓம். நீர் இப்பவும் பிழைதான். எண்டாலும் அது உம்மட புத்தி, என்ர இல்லை."

ரூத் இப்போது வேலைக்குப் போகிறாள். அடக்க ஆராதனைக்கு லீவு எடுத்திருக்கிறாள். அவள் பிழைத்த அன்றே என் பயம் தீர்ந்துவிட்டது. அவருடையது தீரவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பயத்தைத்தான். என் பிள்ளைக்காக என்னைவிட அதிக காலம் பயந்திருந்தவர் அவர்.