விகிர்தியும் விகாரியும்

1950 ஏப்ரலில் விகிர்தி வருஷம் பிறந்தபோது திண்டிவனம் பஸ் டிரைவர் தாண்டவராயனுக்கு வயது இருபத்தொன்பது. ஊர் சொல்லிக்கொண்ட கணக்குப்படி அதுதான் அவருடைய கடைசி வயது.

கணக்கு ஒலக்கூர் ஜோசியர் விருத்தாசலத்துடையது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அவரைக் கேட்டுவிட்டு வந்த தாய், "எம்புள்ள விகிர்தி வருசத்தத் தாண்டமாட்டானாமே" என்று வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். பெயரிலாவது ஒரு தாண்டு இருக்கட்டும் என்று தாண்டவராயன் என்று பெயர் வைத்தாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. களத்துமேட்டில் சொன்னாள், சந்தையில் சொன்னாள், பக்கத்து ஊர்க் கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்ற வந்தவனிடமும் சொன்னாள். யுத்தம் முடிந்த வருஷம் அவள் போய்ச் சேர்ந்தபோது, மகன் போவதைப் பார்க்காமல் போனாளே என்று ஊரே ஆறுதல்பட்டது.

தாண்டவராயன் இதை நம்பினாரா என்றால், ரயில்வே டைம்டேபிளை நம்புவதுபோல நம்பினார். வண்டி தாமதமாக வரலாம், வராமலே போகலாம். அதற்காக மூட்டை கட்டாமல் இருக்க முடியுமா? அதனால் அவர் எதையும் தள்ளிப்போடுவதில்லை. சாப்பிட ஆசைப்பட்டதை அன்றே சாப்பிட்டார். சண்டை போட்டவனிடம் மறுநாளே சமாதானத்துக்குப் போய் நின்றார். கல்யாணம் ஒன்றுக்கு மட்டும் இடம் கொடுக்கவில்லை. தாலி அறுக்க வைத்துவிட்டுப் போக ஒரு பெண் எதற்கு என்பார்.

அவர் ஓட்டியது அரங்கநாதன் என்ற முதலாளியின் பஸ். திண்டிவனத்தில் கிளம்பிக் கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம். கண்டக்டர் சீனுவாசனுக்கு டிக்கெட் கிழிக்கிற கையைவிட வாய் வேகம். சித்திரை முதல் நாள் காலை, விக்கிரவாண்டியில் வண்டி நின்று கூட்டம் ஏறிக்கொண்டிருந்தபோது அவன் பின்னாலிருந்து கத்தினான்.

"அண்ணே, இன்னிலேருந்து உனுக்கு விகிர்தி. பாத்து ஓட்டு!"

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடுகிற பெரியசாமி காதைத் தீட்டிக்கொண்டார்.

"ஏம்ப்பா, அந்த ஒலக்கூர் ஜோசியர் நாள் குறிச்ச டிரைவரு நீதானா?"

"ஆமாங்க."

"யோவ் கண்டக்டரு, மேல கெடக்கற என் மூட்டய எறக்குய்யா."

"இன்னா பெரியவரே, விழுப்புரம் போவணும்னீங்க?" என்றான் சீனுவாசன்.

"விழுப்புரம் போவணும்னுதான் சொன்னேன். மேல போவணும்னு சொன்னனா?"

ஒருவர் சிரித்தார். சிரித்தவரே அடுத்து இறங்கினார். பிறகு கூடைக்காரிகள், கோயிலுக்குப் போகிறவர்கள், பிள்ளையோடு இருந்த ஒரு குடும்பம் என்று வண்டி முழுக்க இறங்கிவிட்டது. ஜன்னலோரம் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். விக்கிரவாண்டியிலிருந்து தினமும் விழுப்புரம் போய் மல்லாட்டை மில்லில் பருப்பு பொறுக்குகிற அம்சா. தகப்பன் இல்லாத வீடு. இரண்டு தங்கைகளுக்கும் இவள் கூலிதான் சோறு.

"நீ எறங்கலியாம்மா?" என்றார் தாண்டவராயன்.

"சங்கு ஊதிட்டா மில்லு கேட்ட மூடிடுவான். ஏன், நீ இன்னிக்கே சாவப் போறியா?"

"அப்படிச் சொல்லல. வருசத்துக்குள்ளன்னுதான் சொல்லியிருக்குது."

"அப்ப இன்னிக்கு ஜல்தியா வண்டிய எடு."

ஒரே ஒரு பிரயாணியோடு பஸ் விழுப்புரம் போய்ச் சேர்ந்தது. சங்கு ஊதுவதற்குள் அம்சாவும் உள்ளே போய்விட்டாள்.

ஆனால் சேதி இரண்டு ஊர் பஸ் ஸ்டாண்டிலும் பரவிவிட்டது. மறுநாளும் அதற்கு மறுநாளும் பஸ் காலியாக ஓடியது. முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். "உன் கை மேல எனுக்குச் சந்தேகம் இல்லப்பா. ஜனம் ஏறலன்னா நான் இன்னா பண்றது? ஒரு வருசம் ஷெட்டுல இரு. அப்பறம்..." என்றவர் அப்புறம் என்ன என்று சொல்ல முடியாமல் வெற்றிலையை எடுத்து மடித்தார்.

டிரைவருக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஷெட் ஆளுக்கு உண்டு. ஸ்டியரிங்கை இழந்ததில் தாண்டவராயனுக்குக் கிடைத்த லாபம் அதுதான். பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லை. மரக்காணத்துக்கு சைக்கிள் மிதித்துப் போய், சட்டையைக்கூடக் கழற்றாமல் அலையில் இறங்கி நின்றார். ஷெட் மெக்கானிக் அப்பாதுரையின் கிணற்றில், சின்னப் பையன்கள் கைகொட்டிச் சிரிக்க, இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நீச்சல் கற்றார். செஞ்சிக் கோட்டை உச்சிக்கு ஏறினார். மேல்சித்தாமூரில் தேரோட்டம் என்றார்கள், அதையும் போய்ப் பார்த்தார். மற்ற நாட்களில் அப்பாதுரையோடு இன்ஜினைக் கழற்றிப் பரப்பி, திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். எட்டு வருஷமாக ஓட்டிய வண்டிக்குள்ளே என்ன இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. எண்ணெய்க் கையோடு உட்கார்ந்து கேப்பைக்களி தின்னும்போது, "இவ்ளோ நல்லா இருக்குதே, இத முன்னாடியே செஞ்சிருக்கலாம்" என்பார். "நீ செத்தாத்தான் எனுக்கு நிம்மதி, இருக்கற ஸ்பேனரு பூரா உன் கையிலதான் கெடக்குது" என்பார் அப்பாதுரை.

பங்குனி முடிந்தது. கர வருஷம் பிறந்த காலையில் தாண்டவராயன் எழுந்தார். கையைக் காலை உதறிப் பார்த்தார். எல்லாம் வேலை செய்தன. பல் துலக்கிவிட்டு, நேராக ஒலக்கூருக்கு சைக்கிளை விட்டார்.

விருத்தாசலத்துக்குக் காது மந்தமாகியிருந்தது. இரண்டு தடவை கத்திச் சொன்ன பிறகுதான் விஷயம் ஏறியது.

"விகிர்தியா? எவன் சொன்னான்?"

"எங்கம்மா கிட்ட நீங்கதாங்க சொன்னீங்க."

"நான் விகாரின்னு இல்ல சொன்னேன்! வி-கா-ரி! உங்கம்மா காதுல விகிர்தின்னு வுழுந்துச்சா? அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

அறுபது வருஷப் பெயர்களில் இரண்டு, கேட்க ஒன்றுபோல இருந்துவிட்டதால் வந்த வினை. விகாரி பிறக்க இன்னும் எட்டு வருஷம் இருந்தது. கூடையோடு மாம்பழம் வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு தாண்டவராயன் திண்டிவனம் திரும்பினார். எட்டு வருஷம் இனாமாகக் கிடைத்தவர் வேறு என்ன செய்வார்?

சீனுவாசன் தலையில் அடித்துக்கொண்டான். "உன்ன யாருண்ணே போய்க் கேக்கச் சொன்னது? கேக்காம வுட்டிருந்தா நீ பாட்டுக்கு நூறு வயசு இருந்திருப்பியே!"

ஸ்டியரிங் திரும்பக் கிடைத்தது. முதல் நாள் விக்கிரவாண்டியில் பெரியசாமி கீழே நின்று டிரைவரை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா, இருக்கறியா?" "இருக்கறேங்க." "அப்ப மூட்டய ஏத்து."

அம்சா அதே ஜன்னலோரம்தான். தினமும் காலையும் மாலையும் அந்தத் தூரம். கண்ணாடியில் பார்த்துக்கொண்டு அவர் ஏதாவது சொல்வார், அவள் ஏதாவது திருப்பிக் கொடுப்பாள். மில்லில் தூசி அதிகமாகி அவள் இருமினால் மறுநாள் அவர் அதிமதுரம் கொண்டுவந்து கொடுப்பார். பெரிய தங்கைக்குக் கல்யாணம் நடந்தது, பந்தியில் தாண்டவராயன் பரிமாறினார். சின்னவளுக்கு நடந்தது, அதற்கும் பரிமாறினார். பரிமாறின ஆளைப் பற்றி இரண்டு ஊரிலும் பேச்சு வந்துவிட்டது. அவர் மட்டும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

1959 தை மாசம். ஒரு நாள் காலை விழுப்புரம் நுழைகிற இடத்தில் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். ஒரு கூட்ஸ் வண்டி முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. தாண்டவராயன் இன்ஜினை நிறுத்தினார். வண்டிக்குள் சத்தம் அடங்கியது. அம்சா கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள்.

"டிரைவரே, ரெண்டு தங்கச்சியையும் கட்டிக் குடுத்துட்டேன். இப்ப எனுக்குத்தான் மாப்பிள்ள பாக்கணும். இன்னா சொல்ற?"

தாண்டவராயன் சீட்டிலேயே திரும்பினார். "சித்திர பொறந்தா விகாரி அம்சா. உனுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அது தாண்டட்டும். சார்வரி பொறந்த உடனே பண்ணிக்கலாம். ஒரு வருசம்தானே."

"சார்வரில நீ இருக்கப் போறன்னா எனுக்கு இன்னா அவசரம்? எப்ப வேணா பண்ணிக்கலாம். நீ இல்லாம போவற வருசத்துலதான்யா அவசரம்."

டிக்கெட் கட்டைப் பையில் போட்டுவிட்டு சீனுவாசன் முன்னால் நகர்ந்து வந்தான்.

"அறுத்துட்டு நிக்கறதுக்கா உன்னக் கட்டிக்குவேன்?" என்றார் தாண்டவராயன்.

"எங்கப்பாவுக்கு எந்த ஜோசியனும் நாள் குறிக்கல. கழனிக்குப் போனவரு பாம்பு கடிச்சுப் போனாரு. எங்கம்மாவ யாரு முன்னாடியே உசார் பண்ணா? நான் தாலிதான் கேட்டேன். கேரண்டி கேக்கல."

முன் சீட்டிலிருந்து பெரியசாமி தொண்டையைக் கனைத்தார். "பொண்ணு சரியாத்தான் கேக்குது. பதிலச் சொல்லுய்யா. கேட்டத் தொறந்துடப் போறான்."

கேட் திறந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் மாட்டுவண்டிக்காரன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். பஸ் நகரவில்லை. ஷெட்டில் இருந்த வருஷம், கடலில் நின்றபோது, பக்கத்தில் காட்டிச் சொல்ல ஆள் இல்லையே என்று தோன்றியது தாண்டவராயனுக்கு நினைவு வந்தது.

"வைகாசி," என்றார் கடைசியில்.

"எந்த வருசத்து வைகாசி?"

"விகாரிதான்டி. எறங்கி ஹேண்டில் போட்டு இன்ஜினக் கெளப்புடா சீனு!"

சித்திரையில் விகாரி பிறந்தது. இந்தத் தடவை சீனுவாசன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு விசிலில் மட்டும் பேசினான். ஆனால் விக்கிரவாண்டியில் எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஒருவரும் இறங்கவில்லை.

சீனுவாசனுக்குத் தாங்கவில்லை. "இன்னா பெரியவரே, எறங்கலியா?"

"போன தடவ இவன நம்பி எறங்கினேன்," என்றார் பெரியசாமி. "மாட்டுவண்டி புடிச்சுப் போய்ச் சேர்றதுக்குள்ள மார்க்கெட்டே கலைஞ்சு போச்சு. சொன்ன பேச்சுக்குச் சாவாத ஆளு. இவனுக்காவ எத்தினி தடவய்யா எறங்கறது?"

வைகாசியில் மயிலத்தில் கல்யாணம். அம்சா மில் வேலையை விடவில்லை. விக்கிரவாண்டியிலேயே குடித்தனம். கடைசி வருஷம் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்த அந்த வருஷத்தில்தான் தாண்டவராயன் நிதானமானார். முன்பு நாலு வாயில் சோற்றை முடிப்பவர், இப்போது ரசத்துக்கு இன்னொரு தடவை தட்டை நீட்டினார். சாயங்காலம் அம்சா மில் கதை சொல்ல, இவர் மல்லாட்டை உடைத்துத் தின்றுகொண்டு கேட்பார். வெளியே எங்கேயும் போகவில்லையா என்று சீனுவாசன் கேட்டதற்கு, "ஓடவேண்டிய ஓட்டத்த எல்லாம் அந்த விகிர்தியிலயே ஓடிட்டேன்டா" என்றார்.

தையில் காய்ச்சல் வந்தது. விடாத காய்ச்சல். அம்சாவுக்கு அப்போது நாலு மாசம். சேதி கேட்டு உறவு ஜனம் வந்து வாசலில் உட்கார்ந்தது. ஒன்றுவிட்ட அண்ணன் தாண்டவராயனின் சைக்கிளைத் தட்டிப் பார்த்தார். அம்சா கஞ்சிக் கிண்ணத்தோடு வெளியே வந்தாள்.

"விகாரி முடிய இன்னும் ரெண்டு மாசம் கெடக்குது. அதுக்குள்ள வந்து குந்திக்கினா எப்படி? போய்ட்டு அப்பறமா வாங்க."

உள்ளே படுத்திருந்தவர் சிரிக்கப் பார்த்து, இருமினார். ஆனால் ஆள் போன பிறகு அவள் அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டதையும் அவர் பார்த்தார். அன்றைக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக, மேலே போக முடியாது என்று பிடிவாதம் பிடித்தார். விழுப்புரம் ஆஸ்பத்திரி மருந்தும் பிடித்தது. மாசி நடுவில் எழுந்து உட்கார்ந்தார். பங்குனியில் வண்டி எடுத்தார்.

சார்வரி பிறந்த காலை. வாசலில் சீனுவாசன் நின்றான்.

"அண்ணே, ஒலக்கூர் ஜோசியரு இல்ல, போன வருசமே போய்ட்டாரு. அவரு புள்ள இருக்கறான். விகாரியா, இல்ல வேற எதனா பேரான்னு ஒரு எட்டு கேட்டுக்கினு வந்துடலாமா?"

"கேட்டுக்கினு வர்ற ஆளு அப்படியே அங்கியே இருந்துக்கட்டும்," என்று உள்ளேயிருந்து அம்சாவின் குரல் வந்தது.

தாண்டவராயன் சட்டையை மாட்டிக்கொண்டார். "எவ்ளோ இருக்குதுன்னு தெரிஞ்சு வாழ்ந்து பாத்துட்டேன் சீனு. நல்லாத்தான் இருந்துச்சு. தெரியாம வாழ்றது எப்படி இருக்குதுன்னு இனிமே பாக்கறேன். வா, நேரமாச்சு."

ஆனியில் பெண் குழந்தை பிறந்தது. மில்லுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் அம்சா நடுவில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தார்கள். விழுப்புரத்தில் மில் மதிலை ஒட்டி ஒன்று காலியாக இருந்தது. ஆடி மாசத்தில் அதற்கு வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை. ஆடி இரண்டாம் வெள்ளி காலையில் பால் காய்ச்சிக் குடிபோனார்கள்.