பேனா நின்ற இடம்

ஆசிரியர்களுக்குள் அவளுக்குப் பெயர் பின்பெஞ்சு மேடம். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவள் படியேறி வரும்போது ஆசிரியர் அறைக்குள்ளிருந்து, "பின்பெஞ்சு வருது, டீ கிளாஸ எடுத்து உள்ள வைங்க" என்று ஒரு குரல் தவறாமல் கேட்கும். அவள் காதில் விழாத மாதிரியே உள்ளே போவாள்.

குழந்தைகள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று ஆராய்ச்சிகள் கண்டு சொன்னதை, தினமும் வகுப்பில் நின்று கத்துகிறவர்களின் பழக்கமாக மாற்றுவது அவள் வேலை. சொல்வதற்கு எளிது. பயிற்சிக் கூடத்தில் எல்லா ஆசிரியர்களும் தலையாட்டுவார்கள். திரும்பிப் போய்ப் பழைய மாதிரியே நடத்துவார்கள். சொல்லிக்கொடுத்து யாரும் மாறுவதில்லை என்று அவளுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. சொல்லிக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் அதைச் சொல்லவும் முடியாது. அதனால் அவள் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பரீட்சை அட்டையில் தாளைச் செருகி, மைப் பேனாவால், நடப்பதையெல்லாம் எழுதினாள். வகுப்பு முடிந்ததும் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் பேசினாள். இப்படியே அவள் தலை பாதி நரைத்தது.

தன்னைப் பற்றி அவளுக்கு இருந்த ஒரே கர்வம் தன் முகம். ஆசிரியர் எவ்வளவு உளறினாலும் அதில் ஒன்றும் தெரியாது. பார்க்க வந்தவள் முகத்தில் எதையாவது காட்டிவிட்டால் வகுப்பு அவளுக்காக நடக்க ஆரம்பித்துவிடும் என்பது அவள் எண்ணம்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவள் கணவருக்கு இந்த முகம் ஒரு வாழ்நாள் வேடிக்கை.

"உன் மூஞ்சியப் பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாதும்மா. ஆனா கரண்டி காட்டிக் குடுத்துடும்."

"கரண்டி என்னங்க பண்ணுச்சு?"

"நீ ஒரு முடிவுக்கு வந்துட்டேன்னா கிண்டுறது நின்னுடும். அது நின்ன உடனே நான் செருப்ப மாட்டிக்கிட்டு வெளிய போயிடுவேன். இத்தனை வருஷமா உயிரோட இருக்கேன்ல, எப்படின்னு நினைச்ச?"

அவள் சிரித்துவிட்டு மறுபடி கிண்டினாள்.

அந்த வருடம் அவள் கடைசியாக நம்பிப் பிடித்திருந்தது ஒரு சயின்ஸ் சாரின் வகுப்பை. ஊரெங்கும் பயிற்சித் திட்டங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு வகுப்பாவது மாறியிருக்கிறது என்று மேலிடத்துக்குக் காட்டினால் அவள் திட்டம் பிழைக்கும். இல்லாவிட்டால் அத்தோடு சரி. சயின்ஸ் சாரோ முதல் நாளே கையைக் கட்டிக்கொண்டு சொல்லிவிட்டார்:

"உங்க ஆராய்ச்சியெல்லாம் ஏசி ரூம்ல வேகும் மேடம். இங்க நாப்பது பேரு. ஒருத்தன் பதில் சொன்னா மீதி முப்பத்தொம்பது பேரும் அவன் வாயைப் பாப்பான்."

"அப்ப எல்லாரையும் ஒரே நேரத்துல பதில் சொல்ல வைப்போம் சார்."

அவள் கொடுத்த முறை சிக்கலானதல்ல. ஒவ்வொரு பிள்ளையிடமும் நான்கு வண்ண அட்டைகள். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டு நான்கு விடைகளை வாசிப்பார்: சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள். அவசரப்படக் கூடாது, ஒவ்வொரு விடைக்கும் பிறகு யோசிக்க விடவேண்டும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதும் நோய்க்கு மருந்தாக அவளே ஒன்றைச் சேர்த்தாள்: எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பிறகு "தூக்கு" என்றதும் ஒரே சமயத்தில் அட்டை மேலே வரவேண்டும். யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்பது ஒரே பார்வையில் ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

முதல் வாரங்களில் நான்கு வண்ணமும் கலந்து வந்தது. சார் திணறினார், அலுத்துக்கொண்டார், ஆனால் விடவில்லை. மெல்ல மெல்ல வண்ணங்கள் குறைந்தன. ஒரு கட்டத்தில் கேள்வி எதுவானாலும் வகுப்பு முழுக்க ஒரே நிறம் எழும்பியது, அதுவும் சரியான நிறம். வயல் ஒரே இரவில் பூத்த மாதிரி இருந்தது. சார் நெற்றியில் வேர்வையைத் துடைத்துக்கொண்டு கடைசி பெஞ்சைப் பார்த்துச் சிரிப்பார். அவர் சிரித்து அதுவரை அந்தப் பள்ளியில் யாரும் பார்த்ததில்லை.

அவளுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. பின்னாலிருந்து பார்த்தால், மூடிய கண்களோடு உட்கார்ந்திருக்கும் நாற்பது தலைகளும் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். தூங்குகிற சாய்வு அல்ல. யோசிக்கிற பிள்ளை மேலே பார்க்கும், கீழே பார்க்கும், நகத்தைக் கடிக்கும். ஆளுக்கொரு விதமாக யோசிக்கும். இவை எல்லாம் ஒரே விதமாக, ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. அவள் அதைத் தாளில் எழுதினாள். எழுதியதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

ஒரு நாள் வேறு பள்ளிக்குப் போயிருந்து, மறுநாள் திரும்பி வந்தபோது சார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"நேத்து நீங்க வரல மேடம். கிளாஸ் நாசம்! பந்து கேள்வி கேட்டேன், நாலு கலரும் வந்துச்சு. திருவிழா மாதிரி. நீங்க இருந்தாத்தான் ராசி போல."

"ராசியாவது மண்ணாவது. மறுபடி கேளுங்க."

கேட்டார். பந்தை நேராக மேலே எறிகிறோம். உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் அதன் மேல் என்ன விசை இருக்கிறது? சிவப்பு: எதுவும் இல்லை. பச்சை: மேல்நோக்கி மட்டும். நீலம்: கீழ்நோக்கி மட்டும். மஞ்சள்: மேலும் கீழும் சமமாக.

அவள் படித்தது வரலாறு. ஆனாலும் நிற்கிற பந்து நிற்கிறது என்றால் இரண்டு பக்கமும் சமம் என்றுதானே ஆகவேண்டும் என்று நினைத்தாள்.

"தூக்கு."

மஞ்சள். நாற்பதும் மஞ்சள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது, சாரின் முகத்தைப் பார்க்கும் வரை.

"எல்லாருமா?" என்றார் அவர், சன்னமாக. "நேத்து பாதிப் பேரு நீலம்னு சரியாச் சொன்னீங்களேடா."

கீழே இழுக்கும் விசை மட்டும்தான் என்று அவர் விளக்கத் தொடங்கினார். அவள் அதைக் கேட்கவில்லை. நாற்பது பிள்ளைகள் செய்திருந்தது அவளுடைய தப்பு. அவள் யாரிடமும் சொல்லாத, முகத்தில் காட்டாத, சற்று முன்புதான் மனதில் உருவான தப்பு. அது எப்படி அவர்கள் கைக்குப் போனது? குனிந்து தாளைப் பார்த்தாள். கேள்வியை எழுதியிருந்தாள். சிவப்பு, பச்சை, நீலம், எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். மஞ்சள் என்று எழுதிய இடத்தில், விடையை எழுதி முடிக்காமலே பேனா நின்றிருந்தது.

கரண்டி நினைவுக்கு வந்தது.

மறுநாள் அவள் ஒரு காரியம் செய்தாள். செய்யும்போதே தன் மேல் அவளுக்கு வெறுப்பு வந்தது. பனிக்கட்டியை வெயிலில் வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு சுலபமான கேள்வியைச் சாரைக் கேட்கச் சொன்னாள். நாலில் ஒன்று சும்மா சிரிப்புக்கு இருக்கட்டும் என்றாள். அவர் சிவப்பைக் கல்லாக்கினார். அவள் எழுதிக்கொண்டே வந்து, சார் "சிவப்பு, கல்லாகிவிடும்" என்று வாசித்தபோது பேனாவை நிறுத்தினாள். அந்த அமைதியில் அது நின்றதை முதல்முறையாக அவளும் கேட்டாள். கிணற்றில் விழுந்த கல்லின் சத்தம் திடீரென்று அறுந்தால் எப்படியோ, அப்படி.

சிவப்புச் சுவர் எழும்பியது. கண்ணைத் திறந்ததும் பிள்ளைகள் தங்கள் கையைத் தாங்களே பார்த்துச் சிரித்தார்கள்.

முன்னால் இருந்த ஒருத்தியின் தோளைத் தொட்டு, "ஏம்மா சிவப்பத் தூக்கின?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் கொஞ்சம் பயந்த மாதிரி பார்த்தாள். "தெரியல மிஸ். அதுதான்னு தோணுச்சு."

பொய் சொல்கிற முகம் இல்லை அது. பேனா என்ற ஒன்று இருந்ததே அவளுக்குத் தெரியாது. தனக்குத் தோன்றியது தன்னுடையதுதான் என்று அவள் முழுமையாக நம்பினாள். நாம் எல்லாருமே அப்படித்தானே நம்புகிறோம்.

மாலையில் சாரை உட்கார வைத்துச் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்ப இத்தனை மாசமா நான் யாருக்குப் பாடம் நடத்தினேன்? உங்க பேனாவுக்கா?"

"தப்பு உங்க மேல இல்ல சார். கண்ணை மூடச் சொன்னது நான். அமைதியா இருக்கச் சொன்னதும் நான்."

"தப்பு யார் மேலன்னு நான் கேக்கல." அவர் சுண்ணாம்புக்கட்டியை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். "திங்கக்கிழமை அதிகாரி வர்றாரு. அன்னைக்கு மட்டும் எழுதிட்டுப் போயிடுங்க மேடம். அப்புறம் என்ன வேணா மாத்திக்கலாம். உங்க திட்டமும் பொழைக்கும், நானும் பொழைப்பேன். இந்தப் பள்ளிக்கூடத்துல எனக்கு முதல்தடவையா மரியாதை வந்திருக்கு."

அன்றிரவு சமையலறையில் நெடுநேரம் கரண்டி நிற்கவில்லை. கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, செருப்பு மாட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் திரும்பிப் போனார்.

திங்கட்கிழமை அவள் வெறும் கையோடு போனாள். பேனா இல்லை, பரீட்சை அட்டை இல்லை. சார் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதிகாரி அவளருகில், கடைசி பெஞ்சில், தொப்பையை ஒருவாறு நுழைத்து உட்கார்ந்தார். அவள் கைகளை மடியில் கோத்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள்.

முதல் கேள்வி. கண்கள் மூடின. தலைகள் சாய்ந்தன. பச்சை, நாற்பதும் பச்சை. சரியான விடை.

அவளால் நம்ப முடியவில்லை. இரண்டாவது கேள்விக்கு நீலம், அதுவும் சரி. அப்படியானால் உண்மையிலேயே கற்றிருக்கிறார்களா? அவள் பயந்ததெல்லாம் வீண் மனப்பிராந்தியா? தூரத்திலிருந்து சார், பார்த்தீர்களா என்பது போலப் புருவத்தை உயர்த்தினார். உற்சாகத்தில் பந்துக் கேள்வியையே கேட்டார். அதைத்தான் இரண்டு முறை நடத்தி, விளக்கி முடித்திருந்தாரே.

சிவப்பு என்று அவர் வாசித்தபோதுதான் அவளுக்குக் கேட்டது. டிக். டிக். டிக். அதிகாரியின் கட்டை விரல், பேனாவின் தலையை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தது. பச்சை. டிக், டிக். நீலம். டிக், டிக். நாற்பது தலைகளும் அவர் பக்கமாகச் சாய்ந்திருந்தன. மஞ்சள்.

நின்றது.

"தூக்கு."

"பிரமாதம்!" என்றார் அதிகாரி, மஞ்சள் சுவரைப் பார்த்து. "ஒருத்தன்கூடத் தப்பல பாருங்க. மஞ்சள்தானே சார்?"

சார் வாயைத் திறந்தார். ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதிகாரிக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. சார் அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. முதன்முறையாக அதற்காக அவள் வெட்கப்பட்டாள்.

"இல்ல சார்," என்றார் அவர். "நீலம்."

அவள் அதிகாரியிடம் கையை நீட்டினாள். "சார், அந்தப் பேனாவைக் கொஞ்சம் குடுங்க."

கையெழுத்துப் போடக் கேட்கிறாள் என்று நினைத்து அவர் கொடுத்தார். அவள் அதை உள்ளங்கையில் இறுக்கி மூடிக்கொண்டாள். "மறுபடி கேளுங்க சார்."

அதே கேள்வி. இப்போது அந்த அறையில் எந்தச் சத்தமும் இல்லை. சாய்ந்த தலைகள் காத்திருந்தன. எதுவும் வரவில்லை. பிறகு அவை, இருட்டில் சுவரைத் தேடும் கைகள் மாதிரி, மெல்ல ஒன்றொன்றாக அசையத் தொடங்கின. சில இந்தப் பக்கம், சில அந்தப் பக்கம். ஒரு பையன் முனகினான். தூக்கு என்றதும் அட்டைகள் தயங்கித் தயங்கி வந்தன. நான்கு வண்ணமும் இருந்தன. கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்த பிள்ளைகள் மிரண்டு போனார்கள். தாங்கள் ஒருவருக்கொருவர் வேறானவர்கள் என்பதே அன்றுதான் தெரிந்தது போல.

தாழ்வாரத்தில் அதிகாரி அவளிடம் மெதுவாகச் சொன்னார்: "முதல் ரெண்டு கேள்வி பிரமாதம் மேடம். அதோட நிறுத்தியிருக்கலாம்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பேனா, கண், சத்தம், எதையும் விடவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தட்டிக்கொடுப்பது போலச் சிரித்தார்.

"கஷ்டப்பட்டு உழைச்சவங்களுக்கு இப்படித்தான் சந்தேகம் வரும். நான் கண்ணால பாத்தேன். இது எல்லாப் பள்ளிக்கும் போகணும். நீங்க ஒரு ஆள் பத்தாது. ஒவ்வொரு கிளாஸ்லயும் பின்னாடி ஒருத்தர உக்காத்தி வைக்கணும்."

"நான் அதுக்குச் சம்மதிக்க மாட்டேன் சார். எழுத்துலயே குடுக்கிறேன்."

"அப்ப வேற ஆளப் பாக்க வேண்டியதுதான்," என்றார் அவர், வருத்தமாகவே. பேனாவை மறந்துவிட்டுப் போனார்.

பின்னால் சாரின் அறையில் கூச்சல் கிளம்பியது. "எறிஞ்ச கை விட்டதுமே மேல தள்ளுறது முடிஞ்சு போச்சுடா!" "அப்புறம் எப்படி நிக்குது?" "அது நிக்கலடி, திரும்புது!" நடுவில் சாரின் குரல், விடை சொல்லாமல், ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது. பிரமாதம் என்று சொல்ல மாட்டாள், பிடித்திருந்தது.

படிக்கட்டு தாழ்வாரத்தின் மறுகோடியில். வழியில் வரிசையாக வகுப்புகள். மூடிய கதவுகளுக்குப் பின்னால் கரும்பலகையில் சுண்ணாம்பு உரசும் சத்தம், ஒரு குரல் ஏதோ கேட்பது, பிறகு சுண்ணாம்பு நிற்பது. நின்றதும் நாற்பது குரல் ஒன்றாகப் பதில் சொல்வது. அடுத்த கதவு. அங்கும் உரசல், நிறுத்தம், ஒரே குரல். இத்தனை வருடம் இதே தாழ்வாரத்தில் நடந்திருக்கிறாள். அவளும் இப்படி ஓர் அறையில் உட்கார்ந்து, அதுதான் என்று தோன்றி, சொல்லி வளர்ந்தவள்தான். நிற்கிற பந்துக்கு இரண்டு பக்கமும் சமம் என்று அவளுக்குத் தோன்றியதே, அது எந்த அறையில், யாருடைய கை நின்றபோது வந்தது?

அதிகாரியின் பேனா அவள் கையில் இருந்தது. கட்டை விரல் தானாகவே அதன் தலையில் போய் உட்கார்ந்திருந்தது. அழுத்தாமல், அசைக்காமல், தூங்கும் பூச்சியைப் பிடித்துக்கொண்டு போவது போல, கடைசிக் கதவையும் தாண்டும் வரை அவள் அதை அப்படியே பிடித்திருந்தாள்.