செல்வியின் கட்டிலுக்கு அடியில் கிடந்தது

போன வாரம் ஒரு நாள் காலை, பதினொன்றரை மணி இருக்கும். எதிர் வீட்டு செல்வி வந்தாள். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து என் தையல் மெஷின் மேல் வைத்தாள்.

“அக்கா, தொட்டுறாதீங்க. சும்மா பாருங்க.”

திறந்தாள். கொஞ்சம் வேப்பிலை, அறுத்த எலுமிச்சம்பழம். நடுவில் நீலத் துணியில் ஓர் உருண்டை, அது முழுக்க ஊசி. பிரிந்த தையல் வழியாகக் கொஞ்சம் தலைமுடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“கூட்டறப்ப கட்டிலுக்கு அடியில கெடச்சுதுங்க. என் ஜாக்கெட் துணியிலயே செஞ்சிருக்காங்க. பதினஞ்சு நாளா வலது தோளத் தூக்க முடியல... ஏன்னு இப்பதான் தெரியுது.”

எனக்கும் தெரிந்துவிட்டது. அது நான் ஊசி குத்தி வைக்கிற பின் குஷன்!

கதை இதுதான். பொழுதுபோக்காகத் தைக்க ஆரம்பித்த எனக்கு ஊசி வைக்க இடமில்லை. தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் ஸ்பாஞ்ச் குஷன் வாங்கினேன். ஒரு மழைக்கே ஊசியெல்லாம் துரு. யூடியூபில் ஒரு அம்மா, “தலைமுடியை அடைத்துப் பாருங்கள், அதிலுள்ள எண்ணெய்ப் பசையில் ஊசி துருப்பிடிக்காது” என்றார். நல்ல யோசனை. ஆனால் என் தலையில் கொட்டுவதற்கும் மிச்சம் வேண்டுமே?

எங்கள் தெருவுக்கு மாதம் ஒரு முறை மொபெட்டில் ஒருவர் வருவார். சீப்பில் வருகிற முடியைச் சேர்த்துக் கொடுத்தால் பாத்திரம் தருவார். அவரிடம் இரண்டு கைப்பிடி முடி கேட்டேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எல்லாரும் முடி குடுப்பாங்க. நீங்கதான் மொத மொத கேக்கறீங்க... எதுக்குங்கம்மா?”

அந்தக் கேள்வியை அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

செல்விக்கு ஜாக்கெட் தைத்த மிச்சத் துணியில் முடியை அடைத்தேன். கையில் கட்டிக்கொள்ள அடியில் ஒரு எலாஸ்டிக். ஊசி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. அத்தனை சந்தோஷம் எனக்கு! தைத்த ஜாக்கெட்டை அளவு பார்க்க செல்வி வீட்டுக்குப் போன நாளுக்குப் பிறகு அதைக் காணவில்லை. பையிலிருந்து விழுந்திருக்க வேண்டும். நான் என் வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினேன்.

அதை இப்போது எலுமிச்சம்பழத்தோடு பார்க்கிறேன்.

“யாரு வேலைன்னு தெரியும்க்கா. என் ஓரகத்திதான். போன மாசம் வந்துட்டுப் போனா. ஞாயித்துக்கெழம அவ மவளுக்குக் காதுகுத்து. நாங்க யாரும் போகப் போறதில்ல. இன்னிக்குப் பன்னெண்டு மணிக்கு எங்க வீட்டுக்காரரு அவங்கண்ணனுக்கு போன் போட்டு, இனிமே ஒட்டும் இல்ல ஒறவும் இல்லன்னு சொல்லிருவாரு. இத பாப்பாரப்பட்டில மந்திரிக்கறவர் ஒருத்தர்ட்ட குடுத்து எடுக்கப் போறோம்.”

நான் உடனே சொல்லியிருக்க வேண்டும்தானே? சொல்லவில்லை. காபி போட்டேன். அடுப்படியில் நின்று, இந்தத் தெருவில் நான் இன்னும் எத்தனை வருஷம் குடியிருக்க வேண்டும் என்று யோசித்தேன். பால் பொங்கி வழிகிற வரை யோசித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இப்போது எழுதும்போதும்.

காபியைக் கொடுத்துவிட்டுச் சொன்னேன். “செல்வி, அது என்னோடது.”

அவள் டம்ளரை உதட்டிலிருந்து எடுத்தாள். குடிக்காமல் கீழே வைத்தாள். நாற்காலி ஓரடி பின்னால் போனது.

“ஊசி குத்தி வைக்கற குஷன்டி! அடியில பாரு, எலாஸ்டிக். செய்வினை வைக்கறவ எலாஸ்டிக் வெச்சா தைப்பா?”

பார்த்தாள். முகம் கொஞ்சம் இளகியது. பிறகு மெதுவாகக் கேட்டாள்: “சரிங்க. உள்ள இருக்கற முடி?”

“முடிக்காரர்ட்ட வாங்குனேன்.”

“யாரு முடிங்க?”

கத்தரிக்கோலை எடுத்துத் துணியைப் பிரித்தேன். நீள முடி. பாதிக்கு மேல் மருதாணிச் சிவப்பு. எங்கள் தெருவில் தலைக்கு மருதாணி போடுவது ஒரே ஆள். செல்வி தன் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

இரண்டும் ஒரே நிறம்.

“போன தடவ வந்தப்ப குடுத்தேன். ஒரு வடிகட்டி குடுத்தாரு,” என்றாள்.

அவள் துணி. அவள் முடி. குத்தியது நான்.

செல்வியே ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேஜைமேல் வைத்தாள். கடைசி ஊசி வந்ததும் வலது கையை மெல்லத் தூக்கினாள். காதுக்கு மேலே போயிற்று.

“அக்கா... வலி இல்லீங்க.”

“ஒரு வாரமா பிசியோதெரபி போறியே, அதனாலதான்,” என்றேன்.

“ஆமாங்க, அதனாலதான்,” என்றாள். வேகமாக, இரண்டு தடவை சொன்னாள்.

அங்கேயே உட்கார்ந்து வீட்டுக்காரருக்கு போன் போட்டாள். அவர் அண்ணனுக்குப் பேச இன்னும் பத்து நிமிஷம்தான் இருந்ததாம். என் அடுப்படி யோசனை இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால்? ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துக்குக் குடும்பத்தோடு போனார்கள். ஓரகத்தி அவளைக் கட்டிப்பிடித்துக் கொண்டாளாம். எனக்கும் ஒரு பை பலகாரம் வந்தது... பாவம், செல்வி எனக்கென்று கேட்க, எதற்கென்று தெரியாமல் ஓரகத்தி கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

இதற்கிடையில் வேறொரு பின் குஷன் செய்துவிட்டேன். இந்த முறை ஜாக்கிரதை. என் பழைய புடவைத் துணி, என் சீப்பில் வந்த என் முடி, போதாததற்குக் கொஞ்சம் பஞ்சு. யாருக்கும் வம்பில்லை.

நேற்று முன்தினத்திலிருந்து இடது தோள் வலிக்கிறது. குனிந்தே தைத்தால் வலிக்காதா என்று டாக்டர் சிரித்தார். நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

ஆனால், ஊசிகளையெல்லாம் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டுத்தான் டாக்டரிடமே போனேன்!