நைனாவுக்கு ஊற்றிய ஜப்பான் ஒயின்

என் நைனா சாவதற்கு மூன்று நாள் முன்பு ஒரு வாய் சாராயம் கேட்டார். ஈரல் கெட்டுவிட்டது, சொட்டுகூடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அரிசிப் பானையில் ஒளித்து வைத்திருந்த கால் பாட்டிலைக் கொல்லையில் கொட்டிவிட்டு வந்து, இல்லை என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படியும் பிழைக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அதனால் காரியத்தன்று படையலில் அவர் டம்ளர் ரொம்பியிருக்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். செத்தவருக்குப் பிடித்ததை வைப்பது எங்கள் வழக்கம். பீடி, கருவாட்டுக் குழம்பு எல்லாம் தயார். சரக்குதான் இல்லை. மதுவிலக்கு திரும்ப வந்திருந்த நேரம். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, உத்திரமேரூர் முழுக்க அலைந்துவிட்டு வந்தார். காய்ச்சுகிறவர்களைப் போலீஸ் போன வாரம்தான் அள்ளிக்கொண்டு போனதாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த துக்கம் நைனா செத்த அன்றுகூட இல்லை.

அப்போதுதான் சின்னய்யா வந்தார். நைனா வேலை செய்த வீட்டுப் பிள்ளை. பவர் டில்லர் கம்பெனியில் இருந்தார், ஆறு மாதம் ஜப்பானில் டிரெய்னிங் முடித்து வந்தவர். திருப்புலிவனத்தில் அந்த ஜப்பான் உழவு மெஷினை முதலில் ஓட்டியது நைனாதான். ஜப்பான் வண்டி ஓட்டியவருக்கு ஜப்பான் ஒயின் என்று வெள்ளை ஒன்றும் சிவப்பு ஒன்றும் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். துண்டைப் பிரித்ததும் ஆம்பளைகளின் அழுகை நின்றுபோனது.

முதலில் ருசி பார்க்கக் கற்றுக்கொடுத்தார். அந்த ஊரில் திராட்சைக் குலை ஒவ்வொன்றுக்கும் மழை படாமல் காகிதத் தொப்பி போடுவார்களாம். மழையில் நாற்று நடுகிற நமக்குத் தலையில் கோணிதான் என்று அம்மா முணுமுணுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மோந்து, வாயில் சுழற்றி, சின்னய்யா அழகாகத் துப்பினார்.

மாமாவால் தாங்க முடியவில்லை. "துப்பறதுக்கா சின்னய்யா சப்பான்லருந்து தூக்கினு வந்தீங்க?"

"ருசி பாக்கறதுன்னா அப்படித்தான்."

"ருசி பாக்க கொயம்பு கீது. இது இன்னாத்துக்கு?"

எல்லோரும் ஆளுக்கொரு மடக்கு விழுங்கினார்கள். எனக்கும் கொடுத்தார்கள். வெள்ளை, நுங்கு கழுவின தண்ணீர் மாதிரி. விழுங்கின பிறகு எங்கேயோ பூ வாசம் வந்து, என்ன பூ என்று யோசிப்பதற்குள் போய்விட்டது. சிவப்பில் லேசாக நாவல்பழத் துவர்ப்பு. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஏறவில்லை. ஃபாரின் சரக்கு மெதுவாகத்தான் வேலை செய்யும் என்றார் மாமா. சுவரில் சாய்ந்து காத்திருந்தார்கள். ஒருவர் தன் இடது காது சுடுவதாக அறிவித்தார். உடனே இன்னும் இரண்டு பேருக்குச் சுட்டது.

சின்னய்யா நைனாவின் டம்ளரில் ஒரு விரல்கடை ஊற்றி நிறுத்தினார். வாசனைக்கு இடம் விடவேண்டுமாம்.

"அரை டம்ளர் ஊத்தனாவே நைனா அடிக்க வருவாரு சின்னய்யா. ரொப்புங்க" என்றேன்.

அவர் சிரித்தார். நான் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டேன். வெள்ளை பாதிக்குத்தான் வந்தது. மீதிக்குச் சிவப்பை ஊற்றினேன். இரண்டாவது சாவு விழுந்த மாதிரி சின்னய்யா கண்ணை மூடிக்கொண்டார்.

கற்பூரம் காட்டி, செத்தவர் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்தினோம். உள்ளே காவலுக்கு இருப்பதாக மாமா சொன்னார். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

திறந்தபோது டம்ளர் விளிம்புவரை அப்படியே இருந்தது. படைத்ததைச் சொந்தக்காரர்கள் பங்கிடுவதுதான் முறை. எனக்கோ நைனா மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது போலிருந்தது. டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். மாமா பதறிப்போய்ப் பின்னாலேயே வந்தார். அன்றைக்குச் சாராயத்தைக் கொட்டிய அதே இடத்தில் ஊற்றினேன்.

"நைனா, அன்னிக்கி இல்லன்னேனே. இருந்திச்சி."

மாமா நனைந்த மண்ணைக் குனிந்து பார்த்தார்.

"அவருக்குத் தெரியும்டி. மறாநாளே எங்கையில சொன்னாரு."

"இன்னா சொன்னாரு?"

"கொல்லையில வாசன வருது, பொண்ணு கொட்டிட்டா போலகீது. நல்ல சரக்குடா, அத்தப் போயி கொட்டிட்டாளேன்னாரு."

வேறு ஒன்றும் சொல்லவில்லையா என்றேன். அவ்வளவுதான் என்றார். பிறகு என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, அடியில் இருந்த சொட்டை நாக்கில் விட்டு, கண்ணை மூடிச் சுழற்றி, சின்னய்யா சொல்லிக்கொடுத்தபடியே துப்பினார்.