ஷாக்கில் கட்டிய துண்டு

பழைய கியர் சைக்கிள் ஒன்று வாங்கி, ஐந்தருவிக்குக் குளிக்கப் போனேன். ஏற்றத்தில் மிதிக்க மிதிக்கப் பின்பக்க ஷாக் அப்சார்பர் அமுங்கி எழுந்ததே தவிர, வண்டி நகரவில்லை. விற்ற மெக்கானிக் சுடலை நல்ல ஷாக்கைக் கழற்றிவிட்டு மட்டமானதை மாட்டிவிட்டார் என்று எங்கள் ஊர் மேலகரம் முழுக்கச் சொன்னேன். பிறகு சண்டைக்கே போனேன்.

சீட்டுக்கடியில் ஷாக்கோடு சேர்த்து நான் கட்டியிருந்த குளியல் துண்டை அவர் அவிழ்த்தார். உள்ளே சின்ன லீவர்.

"மேட்டுல இத லாக் பண்ணணும் அண்ணாச்சி. இல்லன்னா மிதிக்கிற பலத்தையெல்லாம் ஷாக்கே தின்னுரும். அன்னைக்கே சொன்னேம்லா?"

சொன்னார்தான். எதை மறைக்கிறாரோ என்று அப்போது நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது துண்டைத் தலையில் கட்டுகிறேன். லீவரைத் திருப்பினால் வண்டி ஏறுகிறது. மேலகரத்தில் வீடு வீடாகப் போய், தப்பு என்னுடையது என்று சொல்லிவருகிறேன்; இந்த ஏற்றத்துக்குத்தான் லீவர் இல்லை.