சிவதாணுவும் பன்னிரண்டு பவுண்டுப் பந்தும்

பதினோரு மாத ஆலோசனைக்குப் பிறகு, ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, என் முதல் பௌலிங் பந்தின் எடை பன்னிரண்டு பவுண்டு என்று நான் முடிவு செய்தேன். பதின்மூன்று, பதினான்கு ஆகிய இரண்டும் உரிய மரியாதையுடன் நிராகரிக்கப்பட்டன. முடிவை முதலில் அறிய வேண்டியவர் சிவதாணு. கொட்டாரத்தில் அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். எடுத்தது அவருடைய மகள் மீனா. மதுரையில் இருக்க வேண்டிய பெண்.

"மாமா, அப்பா விடியக்காலம் போயிட்டாவ" என்றாள்.

சொல்ல வைத்திருந்ததையே சொன்னேன். "பன்னிரண்டு."

"பன்னெண்டுக்கு இல்ல மாமா. மூணு மணிக்காக்கும் எடுக்கது."

இரண்டு நாளைக்கு முன்பே மூச்சுத் திணறல் வந்து அவளை வரவழைத்திருக்கிறார். எனக்குச் சொல்ல வேண்டாம் என்று தடுத்தவரும் அவர்தான். "புதங்கெழம எப்படியும் பாக்கத்தானே போறேன்" என்றாராம். நான் மூன்று மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டேன். அந்த வகையில் அவர் சொன்னபடி புதன்கிழமை பார்த்துக்கொண்டோம்.

நம் ஓய்வூதியர் சங்க இதழில் இதைப் படிக்கும், சிவதாணுவை அறிந்த உங்களில் பலர், அவரும் நானும் பணிக்காலத்தில் நண்பர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளவும். தக்கலை அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே மின்விசிறியின் கீழ் இருந்தோம், அவ்வளவுதான். அது ஐந்தில் ஓட வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. ஐந்தில் ஓடினால் தாள்கள் பறக்கும், ஆகவே இரண்டு என்பது என்னுடையது. இதற்கு மேல் எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் ஓய்வு பெற்ற நாளில், மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "இனி ரெண்டுலயே வச்சுக்கிடும் வேய்" என்றார். மறுநாள் காலை அறைக்குள் நுழைந்ததும் நான் அதை ஐந்தில் வைத்தேன்.

எங்கள் நட்பு அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், நாகர்கோவிலில், ஒரு வணிக வளாகத்தின் நான்காம் மாடியில் தொடங்கியது. என் மனைவி காலமான பிறகு, பஹ்ரைனில் இருக்கும் மகன் என் பிறந்தநாளுக்கு அங்குள்ள பௌலிங் கூடத்தின் கூப்பன் ஒன்றை அனுப்பியிருந்தான்; கனத்த பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம். "எங்கயாவது வெளிய போயிட்டு வாங்கப்பா" என்று குறிப்பு. கூப்பன் மார்ச் முப்பத்தொன்றுடன் காலாவதி. ஒதுக்கப்பட்ட நிதியை மார்ச்சில் வீணாக விட்டுவிட எந்த அரசு ஊழியனுக்கும் மனம் வராது. முப்பதாம் தேதி போனேன். முப்பத்தொன்றுக்கு விட்டிருந்தால் இன்னும் முறையாக இருந்திருக்கும்.

கவுண்ட்டரில் ஷைனி என்ற பெண் இருந்தார். விதியை விளக்கினார். பந்து உருளும் தடத்துக்கு லேன் என்று பெயர்; ஒரு லேனுக்குக் குறைந்தது இரண்டு பேர். கம்ப்யூட்டரில் இரண்டு பெயர் போட்டால்தான் லேன் திறக்கும். தனியாக வருகிறவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டேன். "தனியா ஆரும் வரமாட்டாங்க சார்" என்றார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "என் பேரையும் போட்டுக்கிடும் வேய்."

சிவதாணு. மூன்றாம் மாடியில் கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டு, கீழே போக லிஃப்டில் ஏறியிருக்கிறார். அது அவரை மேலே கொண்டுவந்து இறக்கிவிட்டது. கண்ணாடி தயாராக இரண்டு மணி நேரம். கொட்டாரத்தில் அவர் வீட்டிலும் ஒருவர்தான். அவர் மனைவி போய் ஆறு ஆண்டாகியிருந்தது. கண்ணாடி இல்லாமல், தூரத்தில் நிற்கும் பத்துக் கட்டைகளையும் ஒரே வெள்ளை மங்கலாகப் பார்த்துக்கொண்டு, அன்று அவர் என்னைவிட நாற்பது புள்ளி அதிகம் எடுத்தார். கண்ணாடி வந்த பிறகும் அந்த வித்தியாசம் பெரிதாகக் குறையவில்லை.

அதன்பின் எல்லாப் புதன்கிழமையும் பதினொன்றரைக்கு அங்கே இருந்தோம். ஆட்டம் முடிந்ததும் கீழே ஒரு டீ. பிறகு அவர் கொட்டாரம் பஸ், நான் தக்கலை பஸ். வியாழன் முதல் செவ்வாய் வரை நான் என்ன செய்தேன் என்று யாராவது கேட்டால், தகுந்த ஆவணங்கள் என்னிடம் இல்லை.

சொந்தப் பந்து வாங்கும் யோசனை அவருடையது. அங்கே எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் பந்துகளின் துளைகள் எவர் விரலுக்கும் பொருந்தாதபடி கவனமாகப் போடப்பட்டவை. என் கட்டைவிரல் இருமுறை மாட்டிக்கொண்டு, பந்தோடு நானும் லேனுக்குள் சிறிது தூரம் போயிருக்கிறேன். "உமக்குன்னு ஒண்ணு வாங்கும் வேய். பந்து போனாப் போட்டு, நீரு போகாம இருக்கணும்லா" என்றார்.

நான் படிக்கத் தொடங்கினேன். ஒரு பொருளை வாங்குவதற்கு முன் அதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்துவிடுவது என் வழக்கம். பல பொருள்களை வாங்காமலே இருந்துவிட்டதற்கும் அதுவே காரணம். படித்ததைக் குறிப்பாக எழுதி, கோப்பு போட்டேன். பொருள்: பந்து கொள்முதல், முதன்முறை, தொடர்பாக. சிவதாணு என்னைவிட இரண்டு ஆண்டு மூத்தவர் என்பதால், மேல் ஆணைக்காக அவருக்குச் சமர்ப்பித்தேன். அவர் அதைக் கொட்டாரம் கொண்டுபோய், அடுத்த புதன்கிழமை பச்சை மையில் எழுதிக் கொண்டுவருவார். பச்சை மையில் எழுதும் தகுதி பணிக்காலத்தில் அவருக்கு வாய்க்கவில்லை. ஓய்வு பெற்ற மறுநாளே ஒரு புட்டி வாங்கி வைத்திருந்தாராம்.

அந்தக் குறிப்புகளிலிருந்து ஒன்றிரண்டை உங்களுக்காக எடுத்து எழுதுகிறேன். பந்தின் எடை ஆடுபவரின் எடையில் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம், என் எடைக்கு அது பதின்மூன்றுக்கும் பதினான்குக்கும் இடையில் வருகிறது என்று எழுதியிருந்தேன். அவர் எழுதியது: "மனுதாரர் எடை எடுக்கப்பட்டது சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? தெளிவுபடுத்தி மறுபடி சமர்ப்பிக்கவும்." பிளாஸ்டிக் பந்து நேராகப் போகும், விலை கூடியவை வளைந்து போய்க் கட்டைகளை அடிக்கும், தொடக்கக்காரனுக்கு நேராகப் போவதே நல்லது என்று அடுத்த முறை எழுதினேன். அதற்கு: "மனுதாரர் பணிக்காலம் முழுவதும் நேராகவே போனவர். அதனால் விழுந்த கட்டைகள் எத்தனை என்று விளக்கம் கேட்கப்படுகிறது."

மணவாளக்குறிச்சியில் வின்சென்ட் என்று ஒருவர் இருக்கிறார். துபாயில் ஒரு பௌலிங் கூடத்தில் பதினெட்டு வருடம் பந்துக்குத் துளை போட்டுவிட்டு, ஊருக்கு வரும்போது அந்த மெஷினையும் கொண்டுவந்துவிட்டவர். மாவட்டத்தில் அதற்குப் பெரிய தேவை இல்லை என்பது வந்த பிறகு தெரிந்தது. இப்போது கதவுக்கும் ஜன்னலுக்கும் துளை போடுகிறார். நாங்கள் இருவரும் ஒருமுறை போய் ஆலோசனை கேட்டோம். நான் பத்தில் ஒரு பங்கைச் சொன்னேன்.

"அது புஸ்தகக் கணக்காக்கும் சாரே" என்றார் வின்சென்ட். "பந்த ஒத்தக் கையில தூக்கிப் பிடிச்சு பத்து வரைக்கும் எண்ணணும். கை நடுங்குனா ரெண்டு பவுண்டு கொறைக்கணும். நடுங்கல்லன்னா அதுதான் உங்க பந்து."

எனக்குப் பதினான்கில் நடுங்கியது. சிவதாணுவையும் தூக்கிப் பார்க்கச் சொன்னார். "எனக்கு எதுக்கு? நான் இவருக்கு மேலதிகாரியாக்கும்" என்று சொல்லி அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில், பன்னிரண்டா பதின்மூன்றா என்று நான் மறுபடி ஆரம்பித்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மொதப் பந்து தப்பாத்தான் இருக்கும் வேய். அது தெரியதுக்காக்கும் ரெண்டாவது பந்து. சீக்கிரம் ஒண்ணு வாங்கித் தொலையும்." அவர் என்னை அவசரப்படுத்தியது பணிக்காலத்தையும் சேர்த்து அந்த ஒருமுறைதான். நான் அதைக் கோப்பில் பதிந்து, பரிசீலனையில் வைத்தேன்.

இனி எழுதுவது, எடையைப் பற்றிப் பதினோரு மாதம் படித்த ஒருவன் எழுதுவது என்று நினைவில் வைத்துப் படிக்கவும். அந்தக் கூடத்தில் எடைக்கு ஒரு நிறம். பதினான்கு பவுண்டு நீலம், பன்னிரண்டு ஊதா, பத்து ஆரஞ்சு. எண்ணும் பந்தின் மேலேயே பொறித்திருக்கும். தொடக்கத்தில் சிவதாணு நீலப் பந்தைத்தான் எடுத்தார். ஆடி மாதத்தில் ஊதாவுக்கு வந்தார். ஐப்பசியில் ஆரஞ்சு.

"என்ன வேய், மூணு மாசத்துக்கு ஒரு கட்சி மாறுகேரு?" என்று கேட்டேன்.

"கலரு புடிச்சிருக்கு. வயசான காலத்துல ஒரு கலராவது புடிக்கப்பிடாதா?"

ஒவ்வொரு முறை உருட்டியபின்னும் அவர் உட்காரத் தொடங்கியிருந்தார். கூடத்தில் தரும் ஷூ இறுக்குகிறது என்றார். ஷூவில் ஒரு அளவு பெரிதாகக் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். நன்றி சொல்லிப் போட்டுக்கொண்டார். அதன்பின் ஷூ காலோடு நிற்காமல் ஆடியது. அதற்கும் அவர் உட்கார்ந்தார்.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மீனா என்னைத் தனியே அழைத்தாள். கையில் என் கோப்பு. "அப்பா தலமாட்டுல இருந்து மாமா. ஆஸ்பத்திரி பேப்பராக்கும்னு நெனச்சேன். பாத்தா பந்து பந்துன்னு எழுதியிருக்கு."

"ஆமா. பந்துதான்" என்றேன்.

"அப்பா பந்து வெளையாடுவாவளா?" என்று கேட்டாள்.

"நல்லா வெளையாடுவாரு. என்னவிட."

அவள் கோப்பை என்னிடம் கொடுத்தாள். கொட்டாரம் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து பிரித்தேன். கடைசியாக நான் அனுப்பியிருந்தது, விரல் அளவு கொடுக்க இருவரும் எந்த நாளில் மணவாளக்குறிச்சி போகலாம் என்று கேட்கும் குறிப்பு. அதற்குக் கீழே பச்சை மை, வழக்கத்தைவிடச் சாய்ந்த எழுத்து:

"பன்னிரண்டு போதும். உடன் வர இயலாத நிலை. மனுதாரர் தனியே செல்லத் தடையில்லை. கோப்பு முடிக்கப்படுகிறது."

எடை விஷயத்தில் இருவரும், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே எண்ணுக்கு வந்திருந்தோம். மின்விசிறியில் நடக்காதது. நாகர்கோவில் பஸ் ஒன்று வந்து நின்று போயிற்று. அடுத்ததில் ஏறினேன்.

ஆணைப்படி மணவாளக்குறிச்சிக்குத் தனியே போனேன். வின்சென்ட் என் விரல்களை வளையங்களில் நுழைத்து அளவெடுத்தார். "மத்த சார் வரல்லியா?" என்றார். சொன்னேன். அவர் வளையத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"ரெண்டு மாசம் முன்ன தனியா வந்தாரு சாரே. எட்டு பவுண்டுல பந்து உண்டுமான்னு கேட்டாரு. அது சின்னப் பிள்ளையளுக்கு உள்ளதுன்னு சொன்னேன். செரின்னுட்டுப் போயிட்டாரு. உங்ககிட்ட சொல்லல்லியா?"

சொல்லவில்லை. அதைக் கோப்பில் சேர்க்கவும் வழியில்லை. கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது.

சிவதாணுவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கோப்பு, பத்தொன்பது பக்கம். பிறகு பந்து, அவர் ஆணையின் பேரில் வாங்கியது என்பதால் அதையும் சேர்த்துக்கொள்கிறேன். கருநீலம், பன்னிரண்டு பவுண்டு, பிளாஸ்டிக், நேராகப் போகக்கூடியது. துளைகள் என் விரலுக்கு மிகச் சரியாகப் பொருந்துகின்றன. கட்டைவிரல் மாட்டுவதில்லை. அதைத் தவிர, அறைக்குள் நுழைந்ததும் மின்விசிறியை ஐந்தில் வைக்கும் பழக்கமும் அவரிடமிருந்து வந்ததுதான். வீட்டில் இப்போது பறப்பதற்கு அதிகம் தாள் இல்லை.

போன புதன்கிழமை பந்தைப் பையில் வைத்துக்கொண்டு பதினொன்றரைக்கு நான்காம் மாடிக்குப் போனேன். ஷைனி என் பின்னால் லிஃப்டைப் பார்த்தார். அவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது.

"சார், ரெண்டு பேரு இல்லாம லேன் தொறக்காது" என்றார். பிறகு மெதுவாக, "அந்த சார் பேரையே போடட்டா?"

"போட்டுக்கிடும்" என்றேன்.

என் முறை முதலில். புதுப் பந்தை உருட்டினேன். அது நேராகப் போய், ஓரத்திலிருந்த இரண்டு கட்டைகளைத் தள்ளியது. சுற்றுக்கு இரண்டு வாய்ப்பு; இரண்டாவதில் ஒன்று. பிறகு மேலே திரையில் அவர் பெயர் ஒளிரத் தொடங்கியது. காத்திருந்தேன். பந்து உருண்டால்தான் அது அடுத்த பெயருக்கு நகரும் என்று ஷைனி வந்து சொன்னார். சிவதாணு விரலுக்கு அளவெடுத்த பந்து எதுவும் கிடையாது. அலமாரியில் ஆரஞ்சுப் பந்து இருந்தது. அவர் முறை வந்தபோதெல்லாம் அதை எடுத்து உருட்டினேன்.

பத்துச் சுற்றும் முடிந்தபோது சிவதாணு தொண்ணூற்று நான்கு. நான் எழுபத்தொன்று.