ஏ.எஸ்.ஓ. எண்ணும் என் பால்குடமும்

என் மகளின் ரத்தப் பரிசோதனை முடிவு கைப்பேசிக்கு வந்த அன்று, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரியைத் தோட்டத்துச் சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு வாய்விட்டு அழுதேன். ஒரே பிள்ளை. எட்டு வயது. அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் நானும் என் மனைவி செல்வியும் எதற்கு என்றுதான் அப்போது தோன்றியது.

அம்மனை நம்பும் என் சொந்தங்களே, நான் குணசேகரன். பெடாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். முன்கோபக்காரன் என்று எங்கள் வட்டாரத்தில் பெயர். தெய்வத்திடமே மல்லுக்கு நின்றவன். அப்படிப்பட்டவனுக்கும் அம்மன் இறங்கி வந்தாள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன தீபாவளி முடிந்து சில வாரங்களில் என் மகள் கவிநயா முழங்கால் வலிக்கிறது என்றாள். அவள் பள்ளிக்கூடத் திடலில் ஓடிக்கொண்டே இருப்பவள். ஓடி ஓடி வந்த வலி என்று தைலம் தேய்த்தோம். பிறகு காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். கைப்பேசிக்கு வந்த முடிவில் ஏ.எஸ்.ஓ. என்று ஒரு வரி. இருநூறுக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. என் மகளுக்கு அறுநூறு. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி வேறு.

கிளினிக் டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். தொண்டையைத் தாக்கும் ஒரு கிருமி வந்து போனதற்கு அது அடையாளமாம். சில பிள்ளைகளுக்கு அதன் பிறகு மூட்டு வலிக்குமாம், அபூர்வமாக இதயமும் பாதிக்கப்படுமாம். எதற்கும் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள் என்றார். என் காதில் விழுந்தது இதயம் என்ற ஒரு சொல்தான்.

சிரம்பானில் இதயத்தை ஸ்கேன் செய்தார்கள். சிறுநீரையும் பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது, இந்த மருந்தை முழுதாகக் கொடுங்கள், சில மாதம் கழித்து மறுபடி கொண்டுவாருங்கள் என்று அனுப்பினார்கள். சில நாளில் வலியும் காய்ச்சலும் போய்விட்டன. வேறு ஆளாக இருந்தால் அத்தோடு நிம்மதியாக இருந்திருப்பான். எனக்கோ அந்த அறுநூறு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை தோட்டத்துக் கோயிலில் சூடத்தின் முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். “தாயே, இந்த நம்பரை இருநூறுக்குக் கீழ எறக்கிடு. எறங்கினதும் உனக்குப் பால்குடம் எடுக்குறேன்.” நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? கேட்டது கிடைத்த பிறகுதான் நேர்த்திக்கடன். வேண்டிச் சொன்ன வார்த்தையை மாற்றவும் மாட்டோம்.

யாரும் சொல்லாமலே சிரம்பான் தெமியாங்கில் இருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு அவளை அழைத்துப்போனேன். எண் இறங்கவில்லை. கொஞ்சம் ஏறியிருந்தது. அடுத்த மாதம் மறுபடி போனேன். பெரிய மாற்றம் இல்லை. பயத்தில் பிள்ளையை ஓடாதே, குதிக்காதே, மாடிப்படி ஏறாதே என்று கட்டிப்போட்டேன். உடற்கல்வி வேண்டாம் என்று ஆசிரியரிடமும் சொல்லிவிட்டேன். தோழிகள் ஓடுவதை அவள் திடலின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

“டாக்டருதான் நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்கல்ல, இன்னும் எதுக்குப் புள்ளைய குத்திக்கிட்டே இருக்கீங்க?” என்று செல்வி கேட்டாள்.

“நீ சும்மா இரு லா. நம்பர் எறங்குச்சா?” என்று அவள் மேல் பாய்ந்தேன்.

ஒரு நாள் பள்ளிவிட்டு வரும்போது என் பிள்ளை கேட்டாள். “அப்பா, நான் ஓடுனா செத்துருவேனா?”

அவளை வீட்டில் விட்டுவிட்டு நேரே கோயிலுக்குப் போனேன். விளக்கும் ஏற்றவில்லை, கும்பிடவும் இல்லை. “உனக்குக் காது கேக்குதா இல்லையா?” என்று கத்தினேன். கத்திக் கத்தி ஓய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் வாயிலிருந்து வந்தது வேறு வேண்டுதல். “எனக்கு ஒண்ணும் புரியல தாயி. புரியுற மாதிரி யாராச்சும் சொல்லட்டும்.”

அடுத்த வாரமே சிரம்பானில் பிள்ளையை மறுபடி காட்டும் தவணை இருந்தது. அன்று பார்த்தவர் ஒரு மலாய்க்கார டாக்டர் அம்மையார். நான் சேர்த்து வைத்திருந்த பரிசோதனைத் தாள்களை எல்லாம் மேசையில் போட்டேன். அவர் கோபப்படவில்லை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். லோரி என்றேன். மழை விட்டதும் தோட்டத்துச் சாலை உடனே காய்ந்துவிடுமா என்றார். சேறு கிடக்கும், காயப் பல நாளாகும் என்றேன். இந்த எண்ணும் அந்தச் சேறுதான் என்றார். கிருமியோடு சண்டை போட உடம்பு உண்டாக்கிய பொருள் அது, கிருமி போன பிறகும் மாதக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும், முதலில் கொஞ்சம் ஏறவும் செய்யும். பள்ளி போகும் பிள்ளைகளுக்கு அச்சிட்ட அளவைத் தாண்டி நிற்பதும் சகஜம். நாங்கள் எண்ணுக்கு வைத்தியம் பார்ப்பதில்லை, பிள்ளைக்குத்தான் பார்க்கிறோம் என்றார்.

இதயத்தை மறுபடி ஸ்கேன் செய்தார்கள். ஒரு குறையும் இல்லை. டாக்டர் கதவைத் திறந்து, “அந்தக் கோடி வரைக்கும் ஓடிட்டு வா” என்று மலாயில் கவிநயாவிடம் சொன்னார். பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். தலையாட்டினேன். செருப்புச் சத்தம் நடைபாதை முழுக்க அதிர ஓடினாள். ஒரு தாதி அதட்டியதையும் அவள் காதில் வாங்கவில்லை. மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தவளைக் கட்டிக்கொண்டு, வரிசையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் அழுதேன்.

மறுபடி தொண்டை வலித்தால் கைவைத்தியத்தோடு விடாமல் கொண்டுவர வேண்டும், மூட்டு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ சிறுநீர் சிவந்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது என்றும் டாக்டர் சொன்னார். செல்வி அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

வீடு திரும்பும் வழியில் அவள் விடவில்லை. “நம்பரு இன்னும் எறங்கலையே. அம்மனுக்குப் பால்குடம் இல்லேன்னு சொல்லிரப் போறீங்களா?”

“சொன்னா நீ என்னைய வீட்டுக்குள்ள விடுவியா?” என்றேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

இந்த வருடத் திருவிழாவில் காப்புக் கட்டிப் பால்குடம் எடுத்தேன். எண் எங்கே நிற்கிறது என்று அதன் பிறகு நான் பார்க்கவே இல்லை. நான் கேட்பதற்கு முன்பே தாய் என் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டிருந்தாள். அது தெரியாமல் எண்ணை இறக்கச் சொல்லி அவளிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். இப்போதும் கோபம் வருகிறது. ஆனால் கத்துவதற்கு முன் கேட்கப் பழகியிருக்கிறேன்.

சொந்தங்களே, பிள்ளைக்கு நோய் என்றால் அம்மனிடம் தைரியமாக அழுங்கள். டாக்டரிடமும் கூச்சமில்லாமல் கேளுங்கள். புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே சொல்லுங்கள். நான் தமிழில் கத்தினேன், தாய் எனக்கு மலாயில் பதில் சொன்னாள். உங்களுக்கு எந்த மொழியில் சொன்னாலும் நம்பி வாங்கிக்கொள்ளுங்கள்.